பெரிய கம்பனியின் நிதிப்பிரிவா, கணக்காய்வு நிறுவனமா?

பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டே கொழும்பில் பயிற்சி தேடும் நம் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

கணக்காய்வில் இன்று தேயிலை ஏற்றுமதி, அடுத்த மாதம் ஹோட்டல் எனப் பல தொழில்களின் ஏடுகளைப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான கம்பனிகளின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிவதால், அதன் பின்வரும் மாதங்களில் கணக்காய்வு வேலை குவிந்து, மாலை வகுப்புக்குப் போவதே கடினம்.

கம்பனியில் ஒரே தொழில்தான். ஆயினும், பொருள் வழங்குநரின் கணக்கில் பொருந்தாத ஒரு தொகையைத் தேடிக் களஞ்சியம்வரை நடந்து, அது எங்கே பிழைத்தது என்பதைச் சரக்கை இறக்கியவரிடமே கேட்டறிந்து, அடுத்த மாதமும் அதே கணக்கைத் தானே முடித்துக்கொடுக்கும் அனுபவம், முடிந்த கணக்கைச் சரிபார்க்க வருபவருக்கு அரிதாகவே வாய்க்கும். நிதி முகாமையில் நிலைக்க விரும்புவோருக்கு நான் கம்பனியையே சொல்வேன். சொந்தமாகக் கணக்காய்வுத் தொழில் நடத்த எண்ணுவோர் மற்றதைத் தேர்வதே முறை.