மராகேஷா, ஃபெஸ்ஸா? மூன்று இரவுக்கு ஒன்றுதான்

மூன்று இரவு மொராக்கோ போகிறோம், மராகேஷ், ஃபெஸ் இரண்டையும் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு முதல் பதில்: வேண்டாம். வரைபடத்தில் ஏதோ பக்கத்து ஊர் மாதிரிதான் தெரியும். சாலையில் 500 கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் காசாபிளாங்கா, ரபாத் எல்லாம் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். டாஞ்சியரிலிருந்து காசாபிளாங்கா வரை 2018 முதல் ஓடும் அதிவேக ரயிலை 2030 கால்பந்து உலகக் கோப்பைக்குள் மராகேஷ் வரைக்கும் நீட்டும் வேலை நடக்கிறது, ஆனால் இப்போதைக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது. விடுமுறையில் ஒரு முழுப் பகலை ரயில் ஜன்னலுக்குக் கொடுப்பதைவிட ஒரே ஊரை உருப்படியாகப் பார்க்கலாம்.

எந்த ஊர் என்பதுதான் கேள்வி. யாரிடம் கேட்டாலும் முதலில் மராகேஷ் என்பார்கள், விமானமும் அங்கேதான் அதிகம். லண்டன், பாரிஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு வார இறுதியில் மலிவு டிக்கெட் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். என் ஓட்டு ஃபெஸ்ஸுக்கு. ஆனால் கூட வருவது யார் என்பதைப் பொறுத்து அந்த ஓட்டை மாற்றிப் போடவும் தயார்.

மராகேஷின் பெரிய வசதி, எல்லாமே கைக்கெட்டும் தூரம். விமான நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான், இறங்கி ஒரு மணி நேரத்தில் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்தில் நிற்கலாம். பகலில் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை: ஆரஞ்சு ஜூஸ் வண்டி, பாம்பாட்டி, சங்கிலியில் குரங்கு (அதற்குக் காசு கொடுத்துப் படம் எடுக்காதீர்கள், பாவம்). பொழுது சாயும்போதுதான் சதுக்கம் விழிக்கும். வரிசையாக அடுப்புகள் பற்றவைத்து, புகை கிளம்பி, க்னாவா என்ற நாட்டுப்புற இசைக்காரர்கள் ஒரு பக்கம், கதை சொல்பவரைச் சுற்றிக் கூட்டம் இன்னொரு பக்கம். இந்தக் கூத்தைத்தான் யுனெஸ்கோ 2001-இல் வாய்மொழி மரபின் பொக்கிஷம் என்று அறிவித்தது. முதல் நாள் ஏதாவது மாடிக் கடையில் ஒரு புதினா டீ வாங்கிக்கொண்டு மேலேயிருந்து பார்த்துவிடுங்கள், கீழே இறங்குவதற்கு முன் எது எங்கே என்று பிடிபட்டுவிடும். படம் எடுத்தால் காசு கேட்பார்கள், அது அவர்கள் பிழைப்பு, தப்பில்லை. தப்பு எதுவென்றால், கேட்காமலே கையைப் பிடித்து மருதாணி போட ஆரம்பிப்பது. அதிலும் கன்னங்கரேலென்று இருக்கும் 'கறுப்பு மருதாணி' பக்கமே போகாதீர்கள். தலைமுடிச் சாயத்தில் போடும் ரசாயனம் அதில் இருக்கலாம், தோல் கொப்பளித்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று எடுத்தால் பாஹியா அரண்மனை, பென் யூசுஃப் மதரஸா, சஅதி (Saadi) அரச வம்சக் கல்லறைகள், ஊரில் எங்கே நின்றாலும் தலை காட்டும் கூத்துபிய்யா பள்ளிவாசலின் 12-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், எல்லாமே ஒன்றரை நாளில் முடிந்துவிடும். மதரஸாவைத் தவறவிடாதீர்கள், நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2022-இல்தான் மறுபடி திறந்தார்கள். மஜோரெல் தோட்டம் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. பிரெஞ்சு ஓவியர் ழாக் மஜோரெல் உருவாக்கி, 1980-இல் ஆடை வடிவமைப்பாளர் இவ் சேன் லோரோனும் அவர் கூட்டாளியும் வாங்கிக் காப்பாற்றிய இடம், அந்த நீலம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நேரம் குறித்து முன்பே இணையத்தில் டிக்கெட் எடுத்து, உள்ளே போனால் ஒவ்வொரு நீலச் சுவருக்கு முன்னாலும் படம் எடுக்க ஒரு வரிசை. போவதென்றால் காலை முதல் நேரத்துக்குப் போங்கள், உள்ளே இருக்கும் பெர்பெர் என்ற பூர்வகுடிகளைப் பற்றிய சின்ன அருங்காட்சியகத்தைப் பாருங்கள், எனக்கு அதுதான் தோட்டத்தைவிடப் பெரிதாகப் பட்டது. நீலம் வேண்டாம், நிழல் போதும் என்றால் கடைவீதிக்குள்ளேயே 'ரகசியத் தோட்டம்' என்று ஒன்று இருக்கிறது.

மராகேஷ் சந்துகளில் ஆளை அசர வைப்பது மோட்டார் பைக். ஆள் போகவே இடமில்லாத இடத்தில் பின்னாலிருந்து உறுமிக்கொண்டு வரும், குழந்தையைக் கையில் பிடித்து நடப்பவர்களுக்கு அது ஒரு தலைவலி. ஃபெஸ்ஸின் பழைய ஊரில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே கழுதையும் கோவேறு கழுதையும்தான் லாரி, டெம்போ எல்லாம். கேஸ் சிலிண்டர், பதனிடாத தோல், சிமெண்ட் மூட்டை எல்லாமே அதன் முதுகில்தான் போகும். 'பாலாக்!' (வழி விடு) என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஃபெஸ்ஸை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அது இன்னும் வேலை செய்கிற ஊர். மராகேஷில் கடைவீதியின் பெரும்பகுதி நமக்காக, அதாவது வெளியாளுக்காக நடக்கிறது. ஃபெஸ்ஸில் சஃபாரீன் சதுக்கத்தில் போய் உட்கார்ந்தால் செம்பு அடிக்கிற சத்தம் காதைப் பிளக்கும், கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் பெரிய அண்டாக்களைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பார்கள், நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர்களுக்கு வேலை நடந்தாக வேண்டும். இரண்டடி தள்ளினால் அல்-கரவிய்யீன். 859-இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் தன் சொத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல், அதோடு சேர்ந்த கல்விக்கூடம் இன்றும் நடக்கிறது. மொராக்கோவில் காசாபிளாங்காவின் ஹசன் 2 பள்ளிவாசல் மாதிரி ஒன்றிரண்டு தவிர மற்றவற்றில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே பலருக்கு வாசலில் நின்று முற்றத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. வாசிப்பவர் முஸ்லிம் என்றால் கணக்கே மாறுகிறது: தொழுகைக்கு உள்ளே போகலாம், அந்த ஒன்றுக்காகவே ஃபெஸ் போகலாம் என்பேன். மற்றவர்களுக்கு ஆறுதலாக அத்தாரீன், பூ இனானியா என்று இரண்டு மதரஸாக்கள், இரண்டும் 14-ஆம் நூற்றாண்டு. அத்தாரீன் சின்னது, ஆனால் தரையில் ஓடு, அதற்கு மேல் சுதை வேலைப்பாடு, அதற்கு மேல் தேவதாரு மரம் என்று கண்ணை மேலே மேலே இழுத்துக்கொண்டு போகும்.

ஃபெஸ்ஸின் ஷுவாரா பகுதியிலுள்ள தோல் பதனிடும் தொட்டிகளை மேலேயுள்ள தோல் கடை மாடிகளிலிருந்துதான் பார்க்க முடியும். கையில் ஒரு கொத்து புதினா கொடுப்பார்கள், மூக்குக்கு. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டியில் தோலை ஊறவைத்து மெதுவாக்கி, பிறகு சாயத் தொட்டியில் இறங்கி மிதிக்கிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்று சொல்லித்தான் ஏற்றுவார்கள், இறங்கும்போது கடை வழியாகத்தான் இறங்க வேண்டும். வாங்க மனமில்லை என்றால் ஒரு பத்து இருபது திர்ஹாம் கொடுத்துவிட்டு நகருங்கள், பேரம் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். அப்புறம், சந்தில் யாராவது வந்து 'அந்த வழி மூடியிருக்கிறது' என்று சொன்னால் மூடியிருக்காது. இது இரண்டு ஊருக்கும் பொது, ஃபெஸ்ஸில் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே வழி தவறும், செல்பேசி வரைபடமும் சந்துக்குள் குழம்பும். முதல் அரை நாளுக்கு மட்டும் உரிமம் உள்ள வழிகாட்டியைத் தங்கும் வீட்டிலேயே சொல்லி ஏற்பாடு செய்துகொண்டு, மீதி நேரம் தனியாகத் தொலையுங்கள்.

இப்போது ஃபெஸ்ஸின் குறை. அது சரிவான ஊர். பூ ஜலூத் என்ற நீல வாசலிலிருந்து தலா கபீரா தெரு வழியாக அல்-கரவிய்யீனுக்கு இறங்குவது சுகம், திரும்பி ஏறுவது மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது, உள்ளே வண்டி வராது. அதற்கு ஒரே வழி, கீழே ரசீஃப் சதுக்கம் வரை நடந்து அங்கிருந்து சிவப்பு டாக்ஸி பிடித்து மேலே வருவது. அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள், தள்ளுவண்டிக் குழந்தையோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், மராகேஷ்தான். அங்கே தரை சமம், களைத்தால் கெலிஸ் என்ற புது நகரத்தில் ஒரு காபிக் கடை, ஒரு பூங்கா என்று ஒதுங்க இடம் உண்டு. ஃபெஸ்ஸில் பழைய ஊர் பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளும் என்ன செய்வதென்று தெரியாது.

டாக்ஸி என்றதும் ஒன்று: சின்ன டாக்ஸியில் இரண்டு ஊரிலும் மூன்று பேர்தான். நான்கு பேர் குடும்பம் இரண்டு வண்டி எடுக்க வேண்டும். ஃபெஸ்ஸில் மீட்டர் போடச் சொன்னால் பெரும்பாலும் போடுவார்கள், மராகேஷில் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நின்று மீட்டர் கேட்டால் சிரிப்பார்கள். பத்து நிமிஷம் நடந்து வேறு தெருவில் பிடியுங்கள்.

சாப்பாட்டில் என் தராசு ஃபெஸ் பக்கம் சாய்கிறது, சைவர்களுக்கு இன்னும் கூட. காலையில் பிஸாரா கிடைக்கும், காய்ந்த மொச்சை வகையை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவிய கெட்டி சூப், சில திர்ஹாமில் வயிறு நிறையும். எம்ஸெம்மன் என்பது சதுரமாக மடித்த பரோட்டாதான், தேனோடு தருவார்கள். ஹரீரா சூப்பைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் இறைச்சி சேர்ந்திருக்கும். அசைவர்களுக்கு ஃபெஸ்ஸில் பாஸ்தீயா, புறாவோ கோழியோ பாதாமோடு மெல்லிய மாவில் பொதிந்து மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவியது. மராகேஷுக்கும் ஒரு பதில் இருக்கிறது: தன்ஜிய்யா, இறைச்சியை மண்ஜாடியில் அடைத்து ஹம்மாம் என்ற பொதுக் குளியலறையின் அடுப்புச் சாம்பலில் மணிக்கணக்காக வேகவிடுவது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் மராகேஷ் ஜெயித்துவிடும், ஆகவே சொல்லவில்லை.

தங்குவதற்கு இரண்டிலும் நடுமுற்றம் வைத்த பழைய வீடுகளையே எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் போனால் அறையில் ஹீட்டர் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், அந்த வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, இரவில் நடுங்கவைக்கும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு ஊரும் அடுப்பு. மார்ச்சிலிருந்து மே, இல்லையென்றால் அக்டோபர், நவம்பர்.

வெளியே ஒரு நாள் போக வேண்டும் என்பவர்களுக்கு மராகேஷில் தேர்வு அதிகம்: அட்லஸ் மலையடிவாரம், ஊரிக்கா பள்ளத்தாக்கு. 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கம் தாக்கியது இந்த மலைப்பக்கத்தைத்தான், நகரம் சீக்கிரமே எழுந்துவிட்டது. 'பாலைவனம்' என்று விற்கும் அகஃபாய் கல்லும் மண்ணுமான மேடு, மணல் மலை அல்ல. மணல் வேண்டும் என்றால் மெர்ஸூகா, அதற்கு மூன்று நாள் போதாது, எந்த ஏஜெண்ட் என்ன சொன்னாலும். ஃபெஸ்ஸிலிருந்து நீல ஊர் ஷெஃப்ஷாவென் ஒரே நாளில் போய்வரலாம் என்பதும் அதே ரகம், பாதி நாள் வண்டியிலேயே போகும். பதிலாக மெக்னெஸ், ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது, அங்கிருந்து டாக்ஸி பேசி வொலுபிலிஸ் என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகள், தரைச் சித்திரங்கள் இன்னும் வெயிலில் அப்படியே கிடக்கின்றன.

ஃபெஸ் என்று முடிவு செய்தால் கிழமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு மேல் பழைய ஊரின் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும், செம்புக்காரர்கள் உட்பட. இருப்பதே மூன்று நாள் என்கிறபோது அதில் ஒன்று இப்படிப் போகக்கூடாது. வெள்ளி இரவு போய் இறங்கி திங்கள் மாலை கிளம்பும் மாதிரி டிக்கெட் கிடைத்தால் எடுங்கள். வியாழனே இறங்க வேண்டி வந்தால் மெக்னெஸ் பயணத்தை வெள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.