ஒரே சாதி, மூன்று மண்: எந்தத் தேக்கில் வைரம் பாயும்?

2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் எல்லோரும் தென்னைக்குத்தான் அழுதோம். கூடவே தேக்கும் சாய்ந்தது. நடுவயல் வரப்பில் நின்ற பதினெட்டு வயது மரம் இரண்டை அறுப்பு மில்லுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். சுற்றளவு மூன்றடி. வீட்டு நிலைக்கதவே போட்டுவிடலாம் என்று நினைப்பு. ரம்பம் உள்ளே போனதும் மில்காரர், "என்னண்ணே, பாதிக்கு மேல வெள்ளையா இருக்கு? நிலைக்கு ஆகாது, உள்ளறைக்கு ஏதாவது பண்ணிக்குங்க" என்றார். பக்கத்தில் வனத்துறை மர டிப்போ ஏலத்தில் எடுத்த கட்டை ஒன்று கிடந்தது. அதுவும் மூன்றடிச் சுற்றளவுதான். ஓரத்தில் ஒரு விரல்கட்டை அளவு வெள்ளை, மீதியெல்லாம் கரும்பழுப்பு வைரம், அதாவது நடுவில் முற்றி இறுகிய மரம்.

"தண்ணி குடிச்சு உப்புன மரம்ணே உங்களுது" என்று அவர் காரணமும் சொன்னார். ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான்: வேகமாக வளர்ந்தால் மரம் கெட்டுப்போகும். இதில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி.

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் ஆண்டு வளையம் அகலமாக அகலமாக மரத்தின் அடர்த்தி பெரும்பாலும் குறையும். தேக்கு அப்படியல்ல. மழை பிடித்ததும் தேக்கு முதலில் பெரிய பெரிய நீர்க்குழாய்களை வரிசையாகக் கட்டும். வெட்டுமுகத்தில் வெறுங்கண்ணுக்கே துளை தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க இறுக்கமான நார்தான் சேரும். துளைப் பட்டையின் அகலம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. எனவே நன்றாக வளர்ந்த ஆண்டில் கூடுவது நார்ப்பகுதி. மிக மெதுவாக வளர்ந்த தேக்கில்தான் துளை வரிசைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். இள வயதுத் தேக்கு, முதிர்ந்த தேக்கைவிட வலிமையில் அவ்வளவு பின்தங்கியதும் இல்லை.

அப்படியானால் என் மரம் ஏன் வெளுத்தது? முதல் காரணம் வயது. தேக்கின் பெருமையே வைரத்தில்தான் இருக்கிறது. கரையானை விரட்டும் பொருளும், கையில் தொட்டால் மெழுகுபோல் படும் எண்ணெய்ப்பசையும் அதில்தான் சேர்கின்றன. வெள்ளை என்பது மரம் உயிரோடிருக்கும்போது தண்ணீர் ஏற்றும் பகுதி. வெட்டிய பிறகு கரையானுக்கு அது விருந்து. பழந்தமிழில் வைரத்தைக் 'காழ்' என்றார்கள். உள்ளே காழ் கொண்டதுதான் மரம், வெளியே காழ் கொண்ட பனையும் மூங்கிலும் புல் என்று பிரித்தவர்கள் அவர்கள்.

கணக்கைப் பாருங்கள். 36 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம். மரவாடிக் கணக்கில் சுற்றளவை நாலால் வகுத்து 9×9×10÷144, சுமார் 5.6 கன அடி. அந்தக் கட்டையின் விட்டம் பதினொன்றரை அங்குலம். சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை இருந்தால் வைரம் நூற்றுக்கு 42 பங்குதான். வெள்ளை 1 அங்குலமாக இருந்தால் 68 பங்கு. ஒரே சுற்றளவு, ஒரே கன அடி, ஆனால் கைக்கு வரும் வைரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது.

இங்கே ஒரு நெளிவு உண்டு. ஒரே சுற்றளவுள்ள இரண்டு மரங்களில் வயது கூடியதில் வைரம் அதிகம். ஒரே வயதுள்ள இரண்டில், பருத்ததில்தான் வைரம் அதிகம். எனவே வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகமாக வளர்த்துவிட்டு அவசரப்பட்டு வெட்டுவதுதான் வினை. என் மரத்தைப் புயல் வெட்டியது, அது வேறு கதை.

இனி மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மலையடித் தேக்கு

கேரளத்து நிலம்பூரையும், ஆனைமலையிலுள்ள டாப்ஸ்லிப்பையும் இதில் சேர்க்கிறேன். மலபார் கலெக்டராக இருந்த கனோலி, சாத்து மேனோனை வைத்து 1840களில் நிலம்பூரில் போட்ட தோட்டம்தான் உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்பார்கள். அந்தப் பழைய மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. சாலியாற்று வண்டல் மண், மழையும் தாராளம். சத்தில்லாத மண்ணில் தவித்து வளர்ந்ததால் நிலம்பூர்த் தேக்கு உயர்ந்ததானது என்று நினைக்க வேண்டாம். அது செழிப்பாகத்தான் வளர்ந்தது. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை கிட்டத்தட்ட மழையில்லை. மரம் இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். வனத்துறை அதை ஐம்பது அறுபது ஆண்டுகள் விட்டுவைக்கும். நல்ல மண், வறண்ட கோடை, நீண்ட பொறுமை என்று மூன்றும் ஒருசேர அமைந்த இடம்.

டாப்ஸ்லிப்பில் மண் அவ்வளவு கொழுப்பில்லை, மரமும் கொஞ்சம் நிதானம்தான். மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரித்துவிட்டதால் வந்த பெயர் அது. வெட்டித் தீர்த்த காட்டை மறுபடி தேக்காக்கப் பாடுபட்ட ஆங்கிலேய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. மில்லில் நான் பார்த்த கட்டை அந்தப் பக்கத்து ஏலச் சரக்கு, நாற்பது வயதுக்கு மேல் என்றார்கள். சுற்றளவு சிறிதாக இருந்தும் வைரம் ஓரம்வரை வந்திருந்ததன் ரகசியம் அதுதான்.

இந்த வகையின் குறை ஒன்றே ஒன்று: உங்களாலோ என்னாலோ இதை நட முடியாது, வாங்கத்தான் முடியும்.

ஆற்றங்கரைத் தேக்கு

டெல்டாத் தேக்கு என்றாலே மரவாடியில் உதட்டைப் பிதுக்குவார்கள். இது அநியாயம். கல்லணைக் கால்வாய்க் கரையில் நிற்கும் தேக்கின் நாட்காட்டியைப் பாருங்கள். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இடையில் வடகிழக்குப் பருவமழையும் வந்துபோகும். பிப்ரவரி முதல் ஜூன் வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். தேக்குக்கு ஆண்டில் மூன்று முதல் ஐந்து மாதம் வறட்சி தேவை என்பது வனத்துறைப் பாடம். நெல்லுக்காக வகுத்த நீர்க்கணக்கு தேக்குக்கும் அப்படியே பொருந்திவிட்டது. கரை மேடாக இருப்பதால் வேருக்குக் கீழே தண்ணீரும் தேங்காது.

என் மரம் நின்ற இடம் கரையல்ல, நடுவயல் வரப்பு. ஆறு மாதம் இருபுறமும் சேற்றில் வேர் ஊறிக் கிடந்தது. கரைக்கும் வரப்புக்கும் தூரம் ஐம்பதடிகூட இருக்காது. மரத்துக்கு அது வேறு ஊர். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் வீட்டுத் தோட்டத் தேக்கை எடுத்துச் சோதித்தபோதும் கிட்டத்தட்ட இதையே கண்டார்கள். ஈரம் மிகுந்த இடத்து மரம் நிறம் வெளிறியும், மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சைகளைத் தாங்கும் திறன் குறைந்தும் இருந்தது. வறண்ட இடத்து மரத்தில் நிறம் அடர்ந்து கருங்கோடுகள் ஓடின. வைரம் எவ்வளவு என்பதை வயதும் பருமனும் முடிவு செய்கின்றன; வைரம் எப்படிப்பட்டது என்பதில் நிலத்தின் ஈரத்துக்கும் பங்குண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

வரிசையாக நிற்கும் மரத்துக்கு இன்னொரு தொல்லை கணு. பக்கத்தில் நெருக்க ஆளில்லாததால் கிளை கீழேயே கிளம்பும். கிளை கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே கழித்துவிட வேண்டும். கை பருமன் ஆனபின் கழித்தால் அது பலகையில் ஓட்டையாகத்தான் வரும். காற்றில் சாய்ந்து, பின் நிமிர்ந்து வளர்ந்த மரத்தில் மேல்பக்க நார் இழுபட்டு வேறுவிதமாக அமையும். அறுக்கும்போது பஞ்சு பஞ்சாகப் பிசிறும். காய்ந்தால் பலகை முறுக்கும்.

சொட்டுநீர்த் தோட்டத் தேக்கு

1990களில் 'தேக்குப் பண்ணையில் பணம் போடுங்கள்' என்று விளம்பரம் வந்த காலம் நினைவிருக்கிறதா? அன்று சொன்ன கணக்கு முழுக்கக் கன அடிக் கணக்கு. வைரக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

இன்று போர்வெல், சொட்டுநீர், கரையும் உரம் எல்லாம் வைத்து இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஏக்கருக்கு ஆயிரம் கன்று. முதல் மூன்று ஆண்டுகள் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. பிறகு தலைகள் ஒன்றோடொன்று முட்டும். மரம் உயரும், பருக்காது. வனத்துறைத் தோட்டத்தில் நாலாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும், அதன்பின் ஆண்டு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போயும் கலைத்துவிடுவார்கள், அதாவது இடையிடையே மரங்களை வெட்டி எடுத்து மீதிக்கு இடம் விடுவார்கள். நம் ஆட்களுக்குக் கலைக்க மனம் வராது, "காசு கொடுத்து வச்ச மரமாச்சே." கலைக்காத தோட்டத்தில் பதினைந்தாம் ஆண்டில் இருப்பது ஆயிரம் கம்பு.

கோடையிலும் தண்ணீர் விடுவது அடுத்த தவறு. மரம் இலை உதிர்க்க மறக்கும், வளையம் தெளிவில்லாமல் போகும், சில இடங்களில் ஒரே ஆண்டில் கூடுதலாகப் பொய் வளையம் விழும். தழைச்சத்து அதிகமானால் தண்டு சாட்டைபோல் நீண்டு வளையும். ஆனாலும் இந்த முறையை நான் அடியோடு ஒதுக்கமாட்டேன். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் கொடுத்து, பிறகு குழாயைச் சுருட்டி வைத்து, பாதிக்கு மேல் மரத்தைக் கலைத்து, முப்பது ஆண்டுகள் காத்திருப்பவருக்கு வண்டல் இல்லாத புதுக்கோட்டைச் செம்மண்ணிலும் நல்ல வைரம் கிடைக்கும். வடிகாலில் செம்மண் சேற்று நிலத்தைவிட மேல்.

பத்து வருஷத்துக்குள் கையில் பணம் வேண்டும் என்பவர் தேக்கை விட்டுவிடுங்கள். ஒட்டுப்பலகை ஆலைக்கு மலைவேம்பு நடலாம். அங்கே யாரும் வைரம் கேட்பதில்லை.

கடையில் இன்று கிடைக்கும் நாலாவது சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மா 2014இல் கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பிறகு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வருவது பெரும்பாலும் தோட்டத் தேக்குதான். அதில் இளசும் உண்டு, முதிர்ந்ததும் உண்டு. நாட்டின் பெயரைக் கேட்டு விலை பேசாதீர்கள். வெட்டுமுகத்தில் தண்ணீர் தெளித்து, வெள்ளை எங்கே முடிகிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பேசுங்கள்.

புயலுக்குப் பிறகு நான் மறுபடி நட்டது வரப்பில் அல்ல, வாய்க்கால் கரையை ஒட்டிய மேட்டில். பன்னிரண்டடிக்கு ஒன்று, மொத்தம் நாற்பது. அந்த வெளுத்த பலகைகளில் மாட்டுக்கொட்டகைக்குக் கதவு போட்டேன். கீழ்ச்சட்டத்தின் வெள்ளைப் பகுதியை மூன்றாம் வருஷமே கரையான் சுரண்டிவிட்டது; நடுவில் இருந்த வைரத்தை மட்டும் தொடவில்லை.