ரேடானை வெளியேற்ற: விரிசலை அடைப்பதா, காற்றோட்டமா, தரைக்கடியில் உறிஞ்சுவதா?

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்தின் சிதைவுத் தொடரில் உருவாகும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால், அதன் சிதைவில் பிறக்கும் பொலோனியம் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா துகள்கள் எனும் கதிர்வீச்சை உமிழும். வீட்டின் நீண்டகாலச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) கூடினால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 16% உயர்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 100 பெக்கரல். அது இயலாத இடங்களில்கூட 300-ஐத் தாண்டக் கூடாது.

அளவு கூடுதல் என்று தெரிந்ததும் பலர் முதலில் எடுப்பது சீலன்ட் குழாயைத்தான். அடைப்பதால் மட்டும் தீராது. சூடான காற்று மேலே போய் வெளியேறுவதால், வீட்டின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் மண்ணில் இருப்பதைவிடச் சில பாஸ்கல் குறைவு. அந்த இழுப்பு இருக்கும்வரை, பத்து விரிசலை அடைத்தாலும் சுவரும் தரையும் சேரும் இடுக்கு, கழிவுக்குழாய் நுழையும் ஓட்டை, உள்ளீடற்ற கட்டுக்கல் வழியாக வாயு வந்துவிடும். கான்கிரீட்டும் காலப்போக்கில் புதிதாக விரியும். ஆனாலும் அடைப்பது வீண் வேலை இல்லை. உறிஞ்சும் முறைக்கு அது துணை.

காற்றோட்டத்தின் கணக்கு எளிது. உள்ளே வரும் ரேடான் மாறாதிருந்தால், காற்று மாற்றத்தை இரட்டிப்பாக்க அளவு பாதியாகும். 600 பெக்கரலை 100-க்குக் கொண்டுவர ஆறு மடங்கு காற்று வேண்டும். குளிர்காலத்தில் யாராலும் தாங்க முடியாது. ஜன்னலை மூடினால் பழைய அளவு அரை நாளுக்குள் திரும்பிவிடும். காற்றை வெளியே மட்டும் தள்ளும் மின்விசிறியோ இன்னும் மோசம்: அது வீட்டின் அழுத்தத்தை மேலும் குறைத்து, மண்ணிலிருந்து கூடுதல் வாயுவை இழுக்கும். வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டு, உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் சமமாக வைக்கும் கருவி, காற்று புகாமல் கட்டிய வீட்டில், ஓரளவே கூடிய ரேடானுக்குப் பொருந்தும். அதன் வடிகட்டி அடைபட்டால் அந்தச் சமநிலை போய்விடும்.

எங்கள் தேர்வு தரைக்கடியில் உறிஞ்சுவதுதான். வாயு உள்ளே வருமுன்பே அதை மண்ணிலிருந்து இழுத்து வெளியேற்றும் வழி, இம்மூன்றில் இது ஒன்றே. நன்றாக அமைந்தால் 90%-க்கும் மேல் குறையும். தளத்தில் துளையிட்டு, அடியில் ஓரிரு வாளி மண்ணை அள்ளி வெற்றிடம் செய்து, சுமார் 100 மி.மீ. பிவிசி குழாயை இறக்கி, மின்விசிறியால் இழுத்துக் கூரைக்கு மேலே, ஜன்னல்களுக்கு எட்டாமல் விட வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை: தளத்தின் மறுமூலையில் சிறு துளையிட்டு, உறிஞ்சும்போது அங்கே புகையைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் ஒரு குழாய் போதும். கீழே ஜல்லி இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். இறுகிய களிமண் என்றால் கூடுதல் குழிகளோ, அழுத்தம் மிகுந்த விசிறியோ தேவை.

பிழைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கின்றன. விசிறியை வசிக்கும் பகுதிக்குள் வைத்தால், அதற்கு மேலுள்ள குழாயில் சிறு கசிவு வந்தாலும் செறிந்த ரேடான் அறைக்குள்ளேயே பீறிடும்; அதன் இடம் பரணோ வெளிச்சுவரோதான். குழாய் மண்ணை நோக்கிச் சரிவாக இல்லாவிட்டால், உள்ளே படியும் ஈரம் தாழ்ந்த வளைவில் தேங்கி ஓட்டத்தை அடைக்கும். தளத்தின் விரிசல்களை அடைக்காமல் விட்டால், விசிறி மண்ணின் காற்றுக்குப் பதில் வீட்டுக் காற்றை உறிஞ்சும். அப்படி வீட்டின் அழுத்தம் குறைந்தால் எரிவாயு அடுப்பு, கொதிகலனின் புகை திரும்பி வீட்டுக்குள் வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே இயக்கியதும் புகைபோக்கிகளைச் சோதியுங்கள்.

குழாயில் பொருத்தும் யு வடிவ அழுத்தமானியில் இரு பக்கத் திரவமும் ஒரே மட்டத்தில் நின்றால் உறிஞ்சல் இல்லை. மட்டம் வேறுபட்டால் உறிஞ்சல் இருக்கிறது என்று மட்டுமே பொருள். ரேடான் எவ்வளவு என்று அது சொல்லாது. விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, 30 நாட்களுக்குள் மறுபடி அளந்து, பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவிடுங்கள்.