அழகர்கோவில் சாலை வேகப்பந்து நெட்: நோட்டு நல்லது, தரை சரியில்லை

மாதம் 3,000 ரூபாய், வாரம் நான்கு நாள், காலை 6 முதல் 8 வரை. 12 வயதிலிருந்து 19 வரை சேர்த்துக்கொள்கிறார்கள். மதுரையில் கிரிக்கெட் கோச்சிங் என்றால் பெரும்பாலும் பேட்டிங்தான். பந்து போடுகிற பையன் பேட் பிடிக்கிறவனுக்கு ஓசி மெஷின். வேகப்பந்துக்கென்றே தனி பேட்ச் வைத்திருப்பதால் இந்த நெட்டைப் பற்றி, அதாவது வலை கட்டிய பயிற்சி இடத்தைப் பற்றி, விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

இப்படி ஓர் இடத்தை எடைபோட, வேகப்பந்து போடுகிறவனின் முதுகெலும்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் வெஸ்ட் இண்டீஸ் போன இடத்தில் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விட்டது. ஆள் முடிந்தார் என்றார்கள். இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து, கடைசியில் 70 டெஸ்டில் 355 விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். அதே மனிதர்தான் 1987இல் தொடங்கிய சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வந்து நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நியூசிலாந்தின் ஷேன் பாண்டுக்கும் இதே முதுகுதான் பகை. 18 டெஸ்டில் 87 விக்கெட் எடுத்தவருக்கு அதற்கு மேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல், பெரும்பாலும் முதுகுக் காயத்தில், போயிற்று. பின்னாளில் கேப்டனாகி 2023இல் உலகக் கோப்பையே தூக்கினார், அது வேறு. எல்லாப் பையனுக்கும் ஆஸ்திரேலிய வாரியம் போல காத்திருக்க ஆள் கிடையாது.

முன்கால் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் விசை காலில் ஏறுகிறது. 60 கிலோ பையன் என்றால் 300 கிலோவுக்குக் குறையாது. அதே நொடியில் இடுப்பு வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலது கைக்காரனுக்கு இடப்பக்கக் கீழ்முதுகு, அதாவது கடைசி இரண்டு முள்ளெலும்புகள், இதைத் தாங்குகின்றன. இருபதைத் தாண்டியும் அந்த எலும்பு முழுசாக இறுகியிருக்காது.

இதை மனசில் வைத்துக்கொண்டு தரையைப் பாருங்கள். ஆறு நெட்டில் நான்கு சிமெண்ட் விக்கெட், மேலே மேட் விரிப்பு. முன்கால் விழுகிற இடமும் சிமெண்ட்தான். பந்து எகிற சிமெண்ட் வேண்டுமானால் இருக்கட்டும். போடுகிறவன் முன்கால் ஊன்றுகிற கோடான பாப்பிங் க்ரீஸ் பக்கம் ஒரு மீட்டர் தூரத்துக்காவது மண்ணோ கனமான ரப்பரோ வேண்டும். அதைவிட மோசம், ஓடி வரும் பாதை (ரன்-அப்) செம்மண்ணிலிருந்து சிமெண்ட் மேடைக்கு ஏறும் இடத்தில் விரல் உயரத்துக்கு விளிம்பு நிற்கிறது. முழு ஓட்டத்தில் வருகிறவனின் பின்கால் அங்கே பட்டால் கணுக்கால் மடங்கும். மண்ணை நனைத்துக் கெட்டித்து மட்டம் பண்ண அரை நாள் போதும்.

மீதி இரண்டு டர்ஃப், அதாவது மண்ணும் புல்லுமான விக்கெட். அவை பரவாயில்லை. கால் விழும் குழியில் மட்டும் உதிரி மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். மூன்றாவது ஓவரிலேயே அது பறந்துவிடும். குழியைச் சுரண்டி, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். மேட் நாளில் ரப்பர் ஸ்டட், டர்ஃப் நாளில் ஸ்பைக்ஸ் என்று இரண்டு ஜோடி ஷூ தேவைப்படும். சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை.

சொல்லிக்கொடுக்கும் விதத்தில் குறை அதிகம் இல்லை. ரன்-அப்பை அளப்பது ஒழுங்கு. க்ரீஸிலிருந்து பவுண்டரி பக்கமாகப் பையனை ஓடவிட்டு, எந்த இடத்தில் தானாகப் பந்தை விடுகிறானோ அங்கே குறி வைக்கிறார்கள். ஆறு தடவை ஓடவிட்டு நடுவாக ஓர் இடத்தை எடுத்து, டேப்பில் அளந்து எழுதுகிறார்கள். நோ-பால் பாதி இதிலேயே அடங்கும். மொபைலில் ஸ்லோ மோஷன் எடுத்து, பின்கால் ஊன்றும்போது இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று முறுக்கிக்கொண்டு போடுவதுதான் முதுகை உடைக்கிற ஆக்‌ஷன். பும்ராவைப் பார்த்து அப்படியே கையை நீட்டுகிற பொடியன்களை மட்டும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். அவர் முழங்கை வளைகிற விதம் அவருக்கே உரியது. அவருக்கே 2022 டி20 உலகக் கோப்பை போயிற்று, 2023 மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை. 2024இல் அதே கோப்பையில் தொடர் நாயகன். அடுத்து ஆஸ்திரேலியாவில் ஒரே தொடரில் 32 விக்கெட் எடுத்துவிட்டு, 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் நடுவிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

தோளுக்கு ரப்பர் பேண்ட் பயிற்சி தினம் பத்து நிமிஷம். போரடிக்கிறது என்று பையன்கள் ஏய்க்கப் பார்க்கிறார்கள், விடுவதில்லை. நல்லது. தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்ன் 417 டெஸ்ட் விக்கெட்டில் இருந்தபோது, 2016 நவம்பரில் பெர்த்தில் தோள் எலும்பு உடைந்தது. அந்த நாட்டின் சாதனையான ஷான் போலக்கின் 421ஐத் தாண்ட 2018 டிசம்பர் ஆயிற்று. ஐந்து விக்கெட்டுக்கு இரண்டு வருஷம்.

இந்த இடத்தின் உண்மையான சொத்து ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பையனும் எத்தனை பந்து போட்டான் என்று தினமும் அதில் ஏறுகிறது. ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஓய்வில்லாமல் ஒரு மூச்சில் போடும் ஓவர்களுக்கு, உச்சவரம்பும் உண்டு: 13 வயதுக்குள் 5 ஓவர், 15 வரை 6, 17 வரை 7. இங்கிலாந்து வாரியம் பல வருஷம் வைத்திருந்த அளவு இதுதான். அதன்படி நாளுக்கு முறையே 10, 12, 18 ஓவர். மதுரைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் நோட்டில் ஒரு பெரிய ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை ஊர் டோர்னமென்டில் போடுகிற பந்து கணக்கில் வருவதில்லை. ஒரு பையன் நான்கு வாரமாகச் சராசரி 100 பந்து போடுகிறான் என்று வையுங்கள். இந்த வாரம் நெட்டில் 100, ஸ்கூல் மேட்சில் 40, மேலூர் பக்கம் கார்க் பால் மேட்சில் 40. மொத்தம் 180, வழக்கத்தைப் போல 1.8 மடங்கு. ஒன்றரை மடங்கு தாண்டினாலே உஷாராக வேண்டும். நோட்டோ 100 என்று சொல்லிச் சும்மா இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு கேள்வி கேட்டால் தீர்கிற சமாச்சாரம்.

டென்னிஸ் பாலிலிருந்து வருகிற பையன்களுக்குத் தனிக் கவனம் இல்லை. எல்லார் வாயிலும் இந்திய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் பெயர்தான். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் போட்டு வளர்ந்து, 2020-21இல் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர். 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. டென்னிஸ் பால் 60 கிராம்கூட இல்லை, ஆண்கள் லெதர் பால் 156க்கு மேல். முதல் ஆறு வாரம் பாதிப் பந்து, பாதி வேகம், சின்னப் பையன்களுக்கு 133 முதல் 144 கிராம் ஜூனியர் பந்து என்றுதான் ஏற்ற வேண்டும். இங்கே முதல் நாளே முழுப் பந்து.

ஸ்பீடு கன் காட்டித்தான் விளம்பரம். அதை நெட்டுக்குப் பக்கவாட்டில் வைக்கிறார்கள். பந்து வரும் கோட்டிலிருந்து 20 டிகிரி விலகினாலே 130 கிலோமீட்டர் 122 என்று காட்டும். பையன் அந்த எட்டைத் துரத்தி எகிறிக் குதித்து முன்காலை அகலப் போடுவான். பெட்டியில் பூட்டி வைக்கலாம்.

முதுகு வலி என்றால் ஸ்ப்ரே அடித்து "பிடிப்புதான் தம்பி, சரியாயிரும்" என்று அனுப்புவது மன்னிக்க முடியாதது. போடும் கைக்கு எதிர்ப்பக்கம் வலித்து, ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளைந்தால் அதிகமானால், அன்றே பந்தைக் கீழே வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

ஐந்துக்கு மூன்று. மே மாதச் சிறப்பு முகாமை மாலை 4 மணிக்கு வைக்கிறார்கள், அக்னி நட்சத்திர வெயிலில் அது வேண்டாம். ஜூனில் காலை பேட்ச் சேருங்கள், டர்ஃப் நெட் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு மேட்ச் பந்துக் கணக்கை வீட்டிலேயே எழுதி, திங்கள் காலை அந்த நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.