திருச்சி மெட்டாரா, கைபேசியா, கொட்டில் மூட்டமா?

ஆடி மாதம் காலை ஆறு மணிக்கு மன்னார்குடிப் பக்கம் இலை அசையாது. பத்து மணிக்கு அதே இடத்தில் தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இருவர் உட்காரும் மைக்ரோலைட் என்ற குட்டி விமானத்துக்குக் கிடைப்பது நடுவிலுள்ள இரண்டு மணி நேரம்தான். அதற்கு யார் பேச்சைக் கேட்பது?

திருச்சி விமான நிலையத்தின் மெட்டார், அதாவது விமானிகளுக்கான வானிலை அறிக்கை, அரை மணிக்கு ஒருமுறை வரும். அதிலிருப்பது உலகப் பொது நேரம் (UTC); நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். கருவி அளந்த காற்று என்பதே அதற்கு மரியாதை. ஆனால் அளந்த இடம் சாலை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி. ஆடியில் எனக்கு அது பெரிதாக உதவியதில்லை. மார்கழியில் உதவும்: வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடைவெளி 2 டிகிரிக்குள் வந்துவிட்டால் நான் போர்வையை இழுத்துக்கொள்வேன். தண்ணீர் நிற்கும் சம்பா வயலில் பனி இன்னும் அடர்த்தி.

கைபேசிச் செயலி காட்டுவது கணினிக் கணிப்பு. ஐரோப்பிய மாடல் என்றால் 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். நம் வயலும் பக்கத்து ஊரும் அதற்கு ஒன்றுதான். இருந்தாலும் மேலே 500 மீட்டரில் என்ன காற்று என்று அதில் பார்க்கலாம். மற்ற இரண்டிலும் அந்த எண் கிடைக்காது. நான் அதைப் பார்க்காமல் தரைக்காற்றை மட்டும் பார்த்த நாள் ஒன்று உண்டு.

அன்று காற்றின் திசையும் வேகமும் காட்டும் காற்றுப்பை துவண்டு தொங்கியது. பக்கத்துக் கொட்டிலில் கொசுவுக்குப் போட்ட மூட்டம் நேராக எழும்பி, தென்னை உயரத்துக்கு மேலே போனதும் சட்டென்று மடிந்து கிழக்கே ஓடியது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பொழுது ஏறட்டும் தம்பி, மேலக்காத்து எறங்கிரும்." சிரித்துவிட்டுக் கிளம்பினேன். இரவில் குளிர்ந்த தரைக்காற்று தட்டுப் போல் கிடக்க, மேலைக்காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. வெயில் ஏறித் தட்டு உடைந்ததும் அது அப்படியே தரைக்கு வரும். புகை அதைத்தான் காட்டியிருக்கிறது. ஒன்பது மணிக்கு இறங்க வந்தபோது காற்றுப்பை விறைத்து நின்றது; 15 நாட் (knot; மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்) வேகத்துக்குக் குறையாது, அதுவும் குறுக்கே. மூன்றாம் முயற்சியில்தான் சக்கரம் மண்ணைத் தொட்டது.

இப்போது ஆடியில் என் வரிசை: முதலில் மூட்டம், அடுத்து கைபேசியில் 500 மீட்டர், கடைசியாக மெட்டார். சித்திரை, வைகாசி மாலை இடிமழைக்கு மூன்றுமே ஆகாது. காரைக்கால் ரேடார் படத்தைத்தான் திறப்பேன்.