வெறியர் கூட்டத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்கள்

'பிளாக்கிளான்ஸ்மேன்' (2018), 'இம்பீரியம்' (2016) இரண்டும் வெள்ளை இனவெறிக் கும்பலுக்குள் வேவு பார்க்கப் போன போலீஸ் கதைகள்தான்.

ஸ்பைக் லீயின் 'பிளாக்கிளான்ஸ்மேன்' படத்தில், கொலராடோ ஸ்பிரிங்ஸ் கறுப்பினப் போலீஸ்காரர் ரான் ஸ்டால்வொர்த், பேப்பர் விளம்பரம் பார்த்து கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கே போன் போடுகிறார். குரல் அவருடையது, நேரில் போவது ஆடம் டிரைவர் நடித்த யூத சகா. கறுப்பர்களைப் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று கிளான் தலைவர் டேவிட் டியூக் ரானிடமே போனில் அளக்கும் இடம் இருக்கிறதே, அபாரம்! நிஜச் சம்பவம் தொடங்கியது 1978-இல். படம் அதை 1970களின் தொடக்கத்துக்குத் தள்ளியது ஏனோ. கடைசியில் 2017-இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் நடந்த இனவெறியர் பேரணி வன்முறையின் நிஜக் காட்சிகள் வரும்போது, அதுவரை சிரித்த சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

'இம்பீரியம்' சிரிக்கவே விடாது. எஃப்.பி.ஐ. ஆளாக டேனியல் ராட்கிளிஃப், மொட்டைத் தலையோடு. ஆனால் என்னைப் பயமுறுத்தியது மொட்டைத் தலை ரவுடிகள் இல்லை. ஜெர்ரி என்ற சாதுவான குடும்பஸ்தன். வீட்டு விருந்தில் அழகான கப்கேக். மேலே க்ரீமில் நாஜி ஸ்வஸ்திகா! முடிவு மட்டும் கொஞ்சம் அவசரம்.

ஒன்றுதான் பார்க்க நேரமென்றால், ஸ்பைக் லீ படம்.