ஸ்டான்போர்ட் மீண்டும் எழ எந்த வழி: அள்ளி வருவதா, வளர்த்தெடுப்பதா?

2021 முதல் 2024 வரை நான்கு சீசனிலும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் கணக்கு ஒன்றுதான்: 3 வெற்றி, 9 தோல்வி. 2025-ல் 4-8. இதன் பிறகும் 2026-ல் என்ன நம்பிக்கை என்று கேட்டால், எனக்கு இருக்கிறது. ஆறு வெற்றி வேண்டும். அது கிடைத்தால் 2018-க்குப் பிறகு முதல் பவுல் ஆட்டம், அதாவது சீசன் முடிந்ததும் தகுதி பெற்ற அணிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆட்டம்.

அதற்கு இரண்டு வழி உண்டு. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் வழியாக மற்ற கல்லூரி வீரர்களை அள்ளி வரலாம். இல்லையென்றால் பள்ளி முடித்து வரும் பையன்களைச் சேர்த்து மூன்று, நான்கு வருடம் வளர்க்கலாம்.

முதல் வழியின் உச்சம் இந்தியானா பல்கலைக்கழக அணி. 2023-ல் 3-9. கோச்சாக கர்ட் சிக்னெட்டி வந்தார், மறு சீசனே 11-2. 2025-ல் 16-0, இறுதியில் மியாமியை 27-21 என்று வீழ்த்தி தேசியச் சாம்பியன். அவர்களுடைய க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஃபெர்னாண்டோ மெண்டோசா நம் பரம எதிரி பெர்க்லியிலிருந்து போனவர். 2024 பிக் கேமில் (நமக்கும் பெர்க்லிக்கும் வருடந்தோறும் நடக்கும் மோதல்) பந்தை 98 யார்டு நகர்த்தி, 24-21 என்று நம் கையிலிருந்த ஆட்டத்தைப் பறித்தவரும் அவரே. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இதே வழியில் போன கொலராடோவையும் பாருங்கள். 2022-ல் 1-11. கோச்சாக டியான் சாண்டர்ஸ் வந்து 50-க்கும் மேற்பட்ட வீரர்களை வெளியிலிருந்து கொண்டுவந்தார். முதல் ஆட்டத்தில் டிசியூ அணியை 45-42 என்று வென்றதும் நாடே பேசியது. ஆனால் சீசன் முடிந்தபோது 4-8. க்வார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை தாங்கவில்லை, க்வார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 52 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். அடுத்த வருடம் 9-4 என்று எழுந்தார்கள், ஷெடூரும் நட்சத்திர வீரர் டிராவிஸ் ஹன்டரும் போனதும் 2025-ல் 3-9. சிக்னெட்டியோ முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தான் பழக்கிய வீரர்களையே கூட்டமாக அழைத்துவந்தார். அவருடைய ஆட்டமுறை அவர்களுக்கு அத்துப்படி. வித்தியாசம் அங்கேதான் என்பது என் கணிப்பு.

ஸ்டான்போர்டில் அட்மிஷன் கெடுபிடி அதிகம். ஐம்பது பேரை ஒரே கோடையில் உள்ளே கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. அதனால் எனக்கு இரண்டாவது வழியே சரியாகப் படுகிறது. கான்சஸ் 2021-ல் 2-10. கோச் லான்ஸ் லைபோல்டின் பொறுமையில் 2023-ல் 9-4. ஆனால் நமக்கு வெளி உதாரணமே தேவையில்லை. 2006-ல் நாம் 1-11. கோச்சாக ஜிம் ஹார்பா வந்தார்: 4-8, 5-7, 8-5, அப்புறம் 2010-ல் 12-1. க்வார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் அந்த அணியில் வளர்ந்த பையன். இப்போது அவரே ஜெனரல் மேனேஜர்.

புதிய கோச் டவீடா பிரிட்சர்ட் யார் தெரியுமா? 2007-ல் 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்போம் என்று எல்லோரும் சொன்ன யுஎஸ்சி அணியுடனான ஆட்டத்தில், முதல் முறையாகத் தொடக்க க்வார்ட்டர்பேக்காக இறங்கி, கடைசி வாய்ப்பான நான்காவது டவுனில் டச்டவுன் எறிந்து 24-23 என்று ஜெயித்துக் கொடுத்தவர். அந்த 4-8 சீசனை உள்ளிருந்து பார்த்தவர் இந்த 4-8 அணியைக் கையில் எடுக்கிறார். எனக்கு இதுவே பெரிய தெம்பு.

வளர்க்கும் வழியிலும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. மூன்று வருடம் உழைத்து ஆளாக்கிய பையனை, இன்னொரு கல்லூரி அதிகப் பணம் கொடுத்து அதே போர்ட்டலில் கொத்திக்கொண்டு போகலாம். முன்னாள் வீரர் பிராட் ஃப்ரீமன் 2025-ல் தந்த 5 கோடி டாலர் போன்ற நன்கொடையை, புதியவர்களைத் தேடுவதைவிட இருப்பவர்களைத் தக்கவைக்கவே முதலில் செலவிட வேண்டும். போர்ட்டலிலிருந்து முன்வரிசைக்கு மட்டும் பட்டம் முடித்த நாலைந்து பேர் வந்தால் போதும்.

2025 நவம்பரில் 31-10 என்று பெர்க்லியை வென்றதால் பிக் கேமின் வெற்றிச் சின்னமான கோடாரி நம்மிடம் இருக்கிறது. இந்த முறை பிக் கேம் அவர்கள் மண்ணில். ஆறாவது வெற்றி அங்கே கிடைத்தால், இந்த வருடத்துக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம்.